சம்பந்தி வீட்டுப் பெரியம்மா

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம். சென்னையிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் தம்பியும் தம்பி மனைவியும் காரில் தஞ்சாவூர் போயிருந்தோம். அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருந்தது. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. வீட்டு விலாசம் கேட்டால் விழிப்பார். ஆனால் அப்பாவையும் எங்களையும் அப்போது நன்றாகவே தெரியும். "ஆள் தெரியுறப்பவே அவளை நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று அப்பாதான் கிளப்பிவிட்டார். மூட்டு வலியால் அவர் வரவில்லை.

அம்மாவைப் பார்த்தால் உடம்புக்கு ஏதோ இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். மடிப்புக் கலையாத புடவை, அழுந்த வாரிய கொண்டை, நெற்றி நிறையக் குங்குமம். யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே பொருத்தமாக ஒரு பதில் வரும். எந்த ஊர் என்று கேட்டால், "எல்லாம் நம்ம பக்கம்தான்." சாப்பிட்டீர்களா என்றால், "நீங்க சாப்பிட்டீங்களா?" கேட்டவர்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

காலையில் பெரிய கோவில், பிறகு அரண்மனை. தம்பி மனைவி தலையாட்டி பொம்மை வாங்கினாள். நான் போனை வைத்துக்கொண்டு கோபுரம், தூண், ஓவியம் என்று ஒன்றுவிடாமல் படம் எடுத்தேன். அம்மாவின் நடைக்கு நடந்தால் எதையும் பார்த்து முடிக்க முடியாது என்பதால் மூவரும் மாற்றி மாற்றி அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். யார் முறை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு முன் புடவை பார்க்கலாம் என்று ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தோம். கல்யாண சீசன், உள்ளே திருவிழாக் கூட்டம். கீழே ஒரு நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நானும் தம்பி மனைவியும் மாடிக்குப் போனோம். தம்பி கீழே இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று நாங்கள் நினைத்தோம். அவனோ அலுவலகத்திலிருந்து போன் வந்து வெளியே போனவன், அக்கா அம்மாவையும் மாடிக்குக் கூட்டிப் போயிருப்பாள் என்று நினைத்திருக்கிறான். நான் நிதானமாகப் புடவை தேர்ந்தெடுத்துக்கொண்டு கீழே வந்தபோது அவன் கேட்டான், "அம்மா எங்கக்கா?"

மூன்று மாடியும் தேடினோம். கழிப்பறை, லிஃப்ட், பக்கத்துக் கடைகள், எங்கும் இல்லை. கடைக்காரர்கள் நல்லவர்கள், உடனே கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஏதோ கல்யாணக் கூட்டம் ஒன்று எதுவும் வாங்காமல் வெளியே போகிறது. நடுவில் அம்மா. பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். வாசலுக்கு அப்பால் கேமரா இல்லை. பில் போடாத கூட்டம் என்பதால் அவர்கள் யார், எந்த ஊர் என்று கடையிலும் தெரியவில்லை.

அம்மாவின் கழுத்தில் தாலிச் செயின், கையில் வளையல்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. காவல் நிலையத்தில் அந்தப் பச்சைப் புடவைக்காரியைத் திருடி என்றே சொன்னேன். நகையைக் கழற்றிக்கொண்டு எங்கேயாவது தள்ளிவிட்டுப் போய்விடுவாள் என்று கத்தினேன். அங்கிருந்த ஏட்டையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னார், "புது ஆத்துல தண்ணி நெறையப் போவுதுங்க. ஒரத்தநாடு பக்கம் எதுக்கும் சொல்லி வைக்கிறோம்." ஒரத்தநாட்டுக்கு எதற்கு என்று கேட்க வாய் எடுத்தேன். தம்பி என் கையை அழுத்தினான். பெரிய கோவிலை ஒட்டி ஓடும் கால்வாய்தான் புது ஆறு. அது அங்கிருந்து ஒரத்தநாடு பக்கம் போகிறது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

காலையில் அந்தத் தண்ணீரையும் நான் படம் எடுத்திருந்தேன். இப்போது அதன் கரையில் நானும் தம்பியும் வெயிலில் நடந்தோம். தண்ணீர் செக்கச் செவேலென்று இரு கரையையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாலத்தருகே அரக்கு நிறத்தில் ஏதோ மிதந்து வந்தது. அம்மா அன்று கட்டியிருந்ததும் அரக்குப் புடவை. தம்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரோ வீசிய பழைய போர்வை அது. அது கண்ணுக்கு மறைகிற வரை அவன் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார். "அம்மா சாப்பிட்டாளா?" "சாப்பிட்டாங்கப்பா. தூங்குறாங்க" என்றேன். 

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜவுளிக்கடையிலிருந்து அழைத்தார்கள். அம்மா வந்துவிட்டார். காவல் நிலையத்துக்கும் சொல்லியிருந்ததால் ஒரு பெண் காவலரும் எங்களோடு வந்தார். கடை வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலையில் மல்லிகைப்பூ. பக்கத்தில் அந்தப் பச்சைப் புடவைப் பெண். அவர்தான் கல்யாணப் பெண்ணின் அம்மா.

"எங்க பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தோங்க" என்றார் அவர். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சீர்காழி. இவங்க எங்க கூட்டத்துல வந்து நின்னாங்க. அவங்க வீட்டுப் பெரியம்மான்னு நாங்க நெனச்சோம். எங்க வீட்டுப் பெரியம்மான்னு அவங்க நெனச்சிருக்காங்க. வேன்ல ஏறயில, 'உங்க பெரியம்மாவ விட்டுட்டுப் போறீங்களே'ன்னு கொண்டு போயி விட்டேன். அப்பதாங்க தெரிஞ்சுது."

சம்பந்தி வீட்டாரிடம் போய் இவர் யார், என்ன உறவு என்று யார் கேட்பார்கள்? கேட்டால் அதுவே ஒரு சண்டையாகிவிடும். ஆகவே இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு அம்மாவைத் தாங்கியிருக்கிறார்கள். அடுத்த கடையில் முதல் நாற்காலி, ஓட்டலில் முதல் இலை. முகூர்த்தப் பட்டில் இரண்டு வீட்டுக்கும் இழுபறி வந்தபோது அம்மா ஒன்றைத் தொட்டு, "இது நல்லாருக்கு, கட்டிக்க" என்றாராம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் சொல்லைத் தட்ட இரு வீட்டாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் புடவையையே எடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் சீர்காழி போக வேண்டியவர்களும் போகாமல், வந்த வழியே ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெண் காவலர் கெட்டதாக நினைத்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்: "நகைக்காக நீங்க கடத்திட்டுப் போயிட்டீங்கன்னுல இந்தம்மா சொன்னாங்க." பச்சைப் புடவைக்காரர் என்னைப் பார்த்தார். அம்மாவின் கையைத் தூக்கி, "வளையல் எல்லாம் இருக்கு, பாத்துக்கங்க" என்றார். நான் செத்துப் போனேன்.

"வாங்கம்மா, போகலாம்" என்று அம்மாவிடம் கை நீட்டினேன். அம்மா எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் மெதுவாகக் கேட்டார், "இவங்க யாரு?"

அதுவரை அம்மா அப்படிக் கேட்டதில்லை. தம்பியைக் காட்டினோம். அவனையும் தெரியவில்லை.

பச்சைப் புடவைக்காரர் எழுந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். "தப்பா நெனைக்காதீங்க. அவங்க தெரியலங்கிறாங்க. போன்ல போட்டோ இருந்தா காட்டுங்க. இன்னிக்கி எடுத்தது, இதே புடவையில." அவர் கேட்டது நியாயம்தான். நான் போனைத் தள்ளிக்கொண்டே போனேன். கோபுரம், நந்தி, தூண், பொம்மை, புது ஆற்றுத் தண்ணீர். இரண்டு வீட்டுக் கூட்டமும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நந்தியைப் பார்த்து நின்ற கூட்டத்துக்கு ஓரத்தில் அம்மா, முகம் பாதிதான் விழுந்திருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அம்மாவிடம் குனிந்து, "போயிட்டு வாங்க பெரியம்மா. கல்யாணத்துக்கு வந்துடணும்" என்றார். அம்மா தலையாட்டினார். காரில் சென்னை வரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் அம்மாவுக்கு நாங்கள் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். அன்று நாங்களும் அவர்களும் செய்தது ஒரே தவறுதான். அம்மா அடுத்தவர் பொறுப்பு என்று நாங்கள் நினைத்தோம். அடுத்தவர் வீட்டுப் பெரியவர் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்தது ஒன்றானாலும் நாங்கள் அவரைத் தொலைத்தோம், அவர்கள் தலையில் பூ வைத்து முதல் இலையில் உட்கார வைத்தார்கள். அம்மா நாலு பேர் நடுவில் சிரித்துப் பேசிச் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அதுதான், அன்று அவர் பக்கத்தில் நாங்கள் ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.