மருதாணி பூசி மறைத்த வலி

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையில், நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசலில்தான் என் குட்டு உடைந்தது.

எனக்குக் குடலில் கட்டி வந்து, சென்னையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி புற்றுநோய்தான் என்று சொன்ன அன்று என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழவில்லை. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் சீக்கிரம் வரும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்டில் வெல்டிங் வேலை பார்க்கிறார், இந்த நேரத்தில் இது எதற்கு வந்தது என்று யாரைத் திட்டுவது எனத் தெரியாமல் எல்லோரையும் திட்டினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு, நோய் திரும்பாமல் இருக்க கீமோ மருந்தை மாத்திரையாகவே கொடுத்தார்கள். காலையும் இரவும் சாப்பிட்டவுடன் போட வேண்டும். இரண்டு வாரம் போட்டால் ஒரு வாரம் ஓய்வு, அது ஒரு சுற்று. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, வீட்டில் வேறு யாரும் மாத்திரையைத் தொடக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மகள் ஆசையாக அட்டையிலிருந்து எடுத்துத் தர வந்தால்கூட விடமாட்டேன். அந்த விஷயத்தில் நான் அவ்வளவு ஒழுங்கு.

"கை, கால் சிவந்தாலோ எரிஞ்சாலோ உடனே சொல்லணும். தேவைப்பட்டா மருந்தை நிறுத்தி வைப்போம், இல்லைன்னா குறைப்போம்" என்றும் சொன்னார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். ஆனால் 'குறைப்போம்' என்ற வார்த்தை மட்டும் என் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பி வந்துவிடும். இது எனக்கு நானே போட்ட கணக்கு. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

தலைமுடி கொட்டவில்லை. அதனால் கம்பெனியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பெண்களுக்கு அந்த ஒரு காரணம் போதும், அதற்கு மேல் யாரும் நோண்டமாட்டார்கள். அச்சில் வார்த்து வரும் பிளாஸ்டிக் சாமான்களின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவுவது என் வேலை. நாள் முழுக்கக் கத்திப் பிடி உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது சுற்று மாத்திரையில் உள்ளங்கை சிவக்க ஆரம்பித்தது. முதலில் மிளகாய் அரைத்த கை போல ஒரு காந்தல். பிறகு உள்ளங்காலிலும் வந்தது. பஸ் இறங்கி கம்பெனிக்கு நடப்பதே தண்டனையாகிவிட்டது.

"கை இன்னா இப்பிடி செவந்துகிது?" என்று என் கணவர் கேட்டார்.

"வெயில் சூடு. வேற இன்னா?" என்றேன். அவரை நம்பவைப்பது பெரிய காரியமில்லை. நர்ஸை எப்படி ஏமாற்றுவது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரம்மா, உடம்புச் சூட்டுக்கு மருதாணி வைத்தால் இறங்கும் என்றார். எனக்கு மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. சூடும் இறங்கும், சிவப்பும் தெரியாது!

மகளிடம் அரைத்துத் தரச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா முதல்முறையாக அலங்காரத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இலை பறித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மைய அரைத்து, உள்ளங்கை முழுக்கவும் பாதத்திலும் அப்பிவிட்டாள். குளுகுளுவென்று இருந்தது உண்மைதான். காலையில் கழுவியபோது என் கையில் மருந்தால் வந்த சிவப்பு எது, மருதாணிச் சிவப்பு எது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, விசேஷமா?"

"நாத்தனார் ஊட்ல சீமந்தம் சிஸ்டர்."

"எரிச்சல், வலி ஏதாவது இருக்கா?"

"ஒன்னுமே இல்ல சிஸ்டர்."

மாத்திரையை அதே அளவில் கொடுத்தார்கள். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சுற்றில் தோல் உரியத் தொடங்கியது. விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆனது. ரேஷன் கடையில் என் கைரேகை விழவில்லை. மிஷின் கோளாறு என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் பாவம்.

பிறகு ஒரு காலை ஷிஃப்டில், கம்பெனி வாசலில் வருகை பதிக்கும் மிஷினில் கட்டைவிரலை வைத்தேன். 'ப்ளீஸ் ட்ரை அகைன்' என்றது. தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தேன். அதையே சொன்னது. வேறு விரல், வேறு கை, எதுவும் எடுபடவில்லை. பின்னால் வரிசை நீண்டு, கசமுசா என்று பேச்சு கிளம்பியது. மிஷினில் பதியாவிட்டால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்றுதான் கணக்கு. இரண்டு நாள் அப்படி ஆனால், எங்களை அங்கே வேலைக்கு அனுப்பும் காண்டிராக்டர் அடுத்த ஆளைக் கூட்டிவந்துவிடுவார்.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் லைன் லீடர் முன்னால் வந்தாள். என்னை விட வயதில் சின்னவள், வாய் ரொம்பப் பெரிது. அவளைக் கண்டால் எங்கள் லைனே நடுங்கும்.

"இன்னாக்கா, இவ்ளோ மருதாணிய அப்பிக்கினு வந்தா மிஷின் எப்பிடி எடுக்கும்? குடு இப்பிடி" என்று என் கட்டைவிரலைப் பிடித்து ஈரக் கர்ச்சீஃபால் அழுத்தித் துடைத்தாள்.

நான் அலறிவிட்டேன். கர்ச்சீஃபோடு என் தோலும் வந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வாய் அப்படியே மூடிக்கொண்டது. என்னை முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இது இன்னாக்கா? சூட்டுக் கொப்புளம் மாரி இல்லியே."

எவ்வளவு நாள்தான் ஒருத்தி தனியாகத் தூக்குவாள்? சொல்லிவிட்டேன். கட்டி, ஆபரேஷன், மாத்திரை, மருதாணி, எல்லாவற்றையும்.

"இத டாக்டராண்ட காட்னியா?"

"இல்ல. காட்னா மருந்த கொறச்சிடுவாங்க. கொறச்சா திரும்ப வந்துடும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களாண்ட மறச்ச, சரி. ஊர் வாய்க்கு பயந்த. டாக்டராண்ட மறைக்க நீ இன்னா திருடியாக்கா? உன்ன பொழைக்க வைக்கத்தான அவங்க பாத்துகினு கீறாங்க! போன எடு."

நான் எடுக்கவில்லை. அவளே என் பையிலிருந்து எடுத்து, 'சிஸ்டர்' என்று பதிந்திருந்த எண்ணை அழைத்து என் காதில் வைத்தாள். பக்கத்தில் அவள் முறைத்துக்கொண்டு நிற்காவிட்டால் அப்போதும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

நர்ஸ் முழுவதும் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "இன்னைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரை போடாதீங்க. நாளைக்குக் காலையில நேரா இங்க வாங்க" என்றார்.

"இந்த சுத்து முடிய இன்னும் கொஞ்சம்தான் சிஸ்டர். முடிச்சிட்டு வரட்டுமா?"

"மாத்திரையை முடிக்கிறதாம்மா முக்கியம்? நீங்க நல்லா இருக்கிறதுதான் முக்கியம்."

மறுநாள் கணவரோடு போனேன். நர்ஸ் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. சீமந்தம் பற்றியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

டாக்டரம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நிறுத்தினா நோய் திரும்பிடாதா?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "திரும்பவே திரும்பாதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா கொஞ்ச நாள் நிறுத்திட்டு, குறைச்ச அளவுல தொடர்றதால மருந்து வீணாப் போயிடாது. நிறைய பேருக்கு அப்படித்தான் கொடுக்கிறோம். உங்க உடம்பு எவ்வளவு தாங்குதோ அதுதான் உங்களுக்கான அளவு. இப்படியே விட்டிருந்தா புண்ணு பெருசாகி, கிருமி உள்ள போயி, மருந்தையே மொத்தமா நிறுத்த வேண்டி வந்திருக்கும்." விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான், எப்படிக் கண்டுபிடித்தாரோ!

மாத்திரை இல்லாத அந்த நாட்கள் நரகம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக அலமாரியைத் தேடும். உள்ளே ஏதோ வளர்வது போலவே இருக்கும். "பேஜாரு பண்ணிக்காத, டாக்டரு சொன்னத கேளு" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் பாதத்துக்குக் களிம்பு தடவுவார். சூடான தண்ணீரில் கை வைக்கவிடாமல் பாத்திரங்களை மகள் தேய்த்தாள். மருதாணி ஏன் கேட்டேன் என்பது தெரிந்ததும் அவள் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

புண் ஆறியதும் குறைந்த அளவில் மாத்திரையைத் தொடங்கினார்கள். கை மறுபடி லேசாகச் சிவந்தபோது அன்றே போன் செய்தேன். லைன் லீடர், கம்பெனி ஆபீஸில் போய்ப் பேசி, விரலுக்குப் பதிலாக மிஷின் என் முகத்தைப் பார்த்து வருகை பதியும்படி செய்தாள். கத்தி பிடிக்காத செக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி தன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டாள். இது ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. இன்னும் இருவர், தங்கள் வீட்டிலும் இந்த நோய் உண்டு என்று தனியாக வந்து சொல்லி அழுதார்கள்.

மாத்திரைச் சுற்றுகள் எல்லாம் முடிந்துவிட்டன. பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறேன், இதுவரை கவலைப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, சொல்ல வேண்டியதை விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன். அந்த மாத்திரையை நம்பிய அளவுக்கு அதைக் கொடுத்தவர்களை நான் நம்பவில்லை என்பது அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு உறைக்கும். பிழைத்துக் கிடக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அன்றைக்கு அத்தனை வலியையும் மறைத்தேன். அதே ஆசைதான் இப்போது, உள்ளே கூப்பிட்டவுடன், ஒரு சின்ன எரிச்சலைக்கூட விடாமல் என்னைச் சொல்ல வைக்கிறது.