படத்துப் பேய்க்கு மிளகாய் சுற்றிய கதை

பேசும் படம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டாக இருக்கலாம். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் நான். மழை, அட்டை, மறுபடியும் மழை. வகுப்பில் பையன்கள் மட்டும்தான். பெண்பிள்ளைகளையும் அனுப்பச் சொல்லிப் பெரிய கங்காணியிடம் நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லொறியில் படக்காரர் வந்து இறங்கினார். இறப்பர் ஸ்டோர் ஜன்னல்களைச் சாக்குப் போட்டு அடைத்தார்கள். இறப்பர் ஷீட் காயப்போடும் கம்பில் வெள்ளைத் துணி தொங்கியது. சீமைப் படம். இடையிடையே இங்கிலீசில் எழுத்து வரும். அதை வாசித்துக் கதை சொல்ல ஆள் வேண்டும்.

"வாத்தியாரய்யா சொல்லட்டும்," என்றார் கங்காணி. "சரியாச் சொல்லிப்புட்டா நாளைக்கே பொட்டப் புள்ளைங்களையும் அனுப்பச் சொல்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் ஓடியது. தாய் செத்துப்போனாள் என்று ஊரே சொல்ல, அதை நம்பாத மகள் ஒருத்தி பாழடைந்த பங்களாவுக்குள் தனியே நுழைகிறாள். மாடிப்படியின் உச்சியில் ஓர் உருவம். வெள்ளை உடுப்பு, விரித்த கூந்தல், கையில் மெழுகுதிரி. எழுத்து வரும்வரை பொறுக்க எனக்கு எங்கே புத்தி இருந்தது?

"பேய்!" என்று கத்தினேன்.

ஸ்டோரே அலறியது. "ஏறாத புள்ள! எறங்கிடு!" என்று துணியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி எழுந்தாள். ஷீட் உலர்த்தும் பக்கத்துப் புகையறையிலிருந்து சிரட்டையில் தணல் அள்ளி வந்தாள். காலையில் கடையில் வாங்கி மடியில் முடிந்திருந்த காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் துணிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றித் தணலில் போட்டாள்.

"ஐயோ, நெருப்பு! என் படம்!" என்று படக்காரர் குதித்தார். அதற்குள் நெடி ஏறி எல்லோருக்கும் இருமல், தும்மல், கண்ணீர். கங்காணியின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

மிளகாய் சுற்றியவள் மட்டும் இருமிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நெடி இந்தப் போடு போடுதே! பேயா இருந்தா மொளகா நாறாதுங்களே. வாத்தியாரய்யா, இவ பேயில்லீங்க."

"பேய்தான்," என்றேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அப்போதுதான் எழுத்து வந்தது. படியில் நின்றவள் தாய். உயிரோடு இருப்பவள். சொத்துக்காகச் சொந்தத் தம்பியே அடைத்துவைத்த தாய். துணியில் மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஸ்டோரில் இங்கிலீசு தெரிந்தவன் நான் ஒருவன். பேய் மகளைப் பிடித்துக்கொண்டது என்று சொன்னால் முடிந்தது. பெண்பிள்ளைகள் நாளைக்கே வருவார்கள். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் முன்வரிசையில் பால் வெட்டுகிறவளின் சிறு மகள், மிளகாய்க் கண்ணீரோடு, அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ," என்றேன். "நான் சொன்னது பிழை. அது தாய்தான்."

வெடித்ததே ஒரு சிரிப்பு, தகரக் கூரை அதிரும்படி!

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எங்க புள்ளைங்க ஒங்ககிட்ட என்னத்தய்யா படிக்கும்?"

பால் வெட்டுகிற பெண் சிரட்டையைக் கீழே வைத்தாள். "அதுக்குத்தாங்க கங்காணி அனுப்பணும். ஒத்த ஆளு வாய நம்பி ஒக்காந்தா, பெத்தவளுக்கே மொளகா சுத்த வேண்டியதுதான். எம்மக நாளைக்கு வருவா. அவளே வாசிச்சுச் சொல்லட்டும்." சொல்லிவிட்டுத் துணியிலிருந்த தாயைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கங்காணியும் சிரித்துவிட்டார்.

மறுநாள் அந்த மகள் ஆறு சிநேகிதிகளை இழுத்துக்கொண்டு வந்தாள். ஏழு பேரும் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தும்மிக் காட்டினார்கள்.

ஊரே கூடிச் சிரிக்கத் தோற்றுப்போவதில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் துடிக்கும்போதெல்லாம் என் மூக்குத்தான் முதலில் அரிக்கிறது.