பாலிஷுக்குப் போன புடவை

மகள் படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில், கோடை விடுமுறைக்கென்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். நாடகம் பிடித்த குழந்தைகள் வீட்டிலேயே செய்து பார்க்கக் காலுறையில் பொம்மை, அட்டையில் கிரீடம், பழைய புடவையில் திரை. படித்துக் காட்டியதும் அவள் புடவை கேட்டாள். பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடைசியில் ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்தேன். ஏழு வயதுக் குழந்தை வேறென்ன கேட்டுவிட்டாள், கொடுத்திருக்கலாமே என்று இரண்டு நாளாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதில், இதே திருத்தணியில், நானும் தங்கையும் மே மாதம் முழுக்க வீட்டில் நாடகம் போட்டோம். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் நைனா எங்களுக்குக் கூத்து காட்டியிருந்தார். அங்கே வேஷம் கட்டியவர் நேராக வந்துவிட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதற்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். கட்டியக்காரன் என்கிற கோமாளி முன்னால் நின்று, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பான். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்ன பிறகுதான் திரை விலகும். இது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தங்கைக்கு ஆறு வயது. கேள்வி கேட்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கட்டியக்காரன், நான் ராணி.

நைனாவுக்குத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. அவருடைய அக்காவான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்கும் நாட்களில் நைனா அவளை அடிப்பார். கேட்காத சில நாட்களிலும் அடிப்பார். ஊரில் மற்றவர்கள் அடிப்பதற்கு இது ஒன்றுமில்லை என்பது அத்தையின் அபிப்பிராயம். அந்த நேரங்களில் தங்கையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒத்திகை பார்ப்பேன். கீழே சத்தம் கூடினால் ராணியும் குரலை உயர்த்திக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழு நாடகத்தையும் நடத்துவதாக அறிவித்தோம். அதுவரை துண்டுதான் திரை. பெரிய நாடகத்துக்குத் துண்டு போதாது என்று எனக்குத் தோன்றியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருப்பதை ஒளிந்து விளையாடியபோது பார்த்திருந்தேன். அதில் அம்மாவின் கல்யாணப் புடவை இருந்தது. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அம்மா மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டால் தர மாட்டாள் என்பதால் கேட்கவில்லை.

புடவையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மறு முனையைப் பிடிக்க அத்தையைக் கெஞ்சி நிறுத்தினோம். நைனா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் திரைக்குப் பின்னால் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"இத பாலிஷுக்குக் குடுத்துக்கீறேன்னு சொன்னாளே உங்கம்மா," என்றாள் அத்தை. பட்டைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

தங்கை அதைக் காதில் வாங்காமல் ஆரம்பித்துவிட்டாள். "ராணிம்மா, ராணிம்மா, எந்த தேசத்துலேர்ந்து வந்துகினு கீறீங்க?"

பட்டு தேசத்திலிருந்து என்று ராகம் போட்டுச் சொன்னேன். அடுத்த கேள்வி தங்கையிடமிருந்து வரவில்லை. கட்டியக்காரனைப் போலவே குரலை இழுத்து அத்தை கேட்டாள்.

"அந்தப் பட்டு தேசம் எங்க கீதுங்க, ராணிம்மா?"

நைனா சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. பெரியவர்களில் ஒருவர் எங்கள் நாடகத்தில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அரிசி டிரம்முக்குப் பின்னால, ஒரு பைக்குள்ள."

"பையில வேற இன்னா இன்னா கீதுங்க?"

கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மாவின் சர்ட்டிபிகேட் ஃபைல். சென்னையிலிருந்து வந்த ஒரு கடிதம். எனக்கு ஒரு கவுன், தங்கைக்கு ஒரு கவுன், இரண்டும் புதுசு. நைனாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

அத்தை தன் கையிலிருந்த முனையை விட்டாள். திரை விழுந்தது. மாடிப்படியடியில் அம்மா நின்றிருந்தாள், கை நிறைய வடாம் மாவோடு. கை தட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மாவைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு வந்து, கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"இழுக்காத கண்ணு, நூலு பிரிஞ்சிடும்," என்றாள்.

அத்தை எங்களை மலையடிவாரத்துக்கு அழைத்துப்போய்க் குச்சி ஐஸ் வாங்கித் தந்தாள். நாளைக்கும் நடிக்க வருவாயா அத்தை என்று கேட்டேன். "ஆங், வர்றேன் வர்றேன்," என்றாள். திரும்பி வந்தபோது டிவி மிகவும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை, கட்டியக்காரனுக்கு மீசை வரைய வெந்நீர் அடுப்பில் கரி எடுக்கப் போனேன். அடுப்பு நிறையக் காகிதச் சாம்பல். முத்திரை குத்திய, பாதி எரிந்த தாள் ஒன்றும் கிடந்தது. சாம்பலை எண்ணெயில் குழைத்தேன். கரியைவிட நன்றாகப் பிடித்தது. அந்த மீசையோடு தங்கை அம்மா முன்னால் போய் நின்று ஆடிக்காட்டினாள்.

கடிதத்தில் என்ன இருந்தது என்று அம்மா சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின வாரம். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, பிள்ளைகளோடு தங்க ஒரு அறை. நாங்கள் நாடகம் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை காலை மின்சார ரயிலில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக இருந்தாளாம். புடவை மடித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். என்னைத் திட்டியிருக்கலாம். அவள் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். நைனாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள்தான் சோறு ஊட்டுகிறாள். நான் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க நினைத்து, குழந்தைக்கு இருமல் என்கிற மாதிரி எதையோ பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்போது படுக்கை விரிப்புக்குப் பின்னாலிருந்து மகள் கூப்பிடுகிறாள், கேள்வி கேட்கச் சொல்லி. என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

அந்த வருஷம் பள்ளி திறந்த அன்று அம்மா அந்தப் புதுக் கவுன்களைத்தான் எங்களுக்கு மாட்டிவிட்டாள். இரண்டுமே தொளதொளவென்று தொங்கின. அடுத்து எப்போது துணி வாங்க முடியுமோ என்று, ஒரு வருஷம் வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளும்படி எடுத்திருக்கிறாள். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கோ, பெற்ற தாய்க்கு என் அளவுகூடத் தெரியவில்லையே என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன்.