புல்லில் இறங்காதவள்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மச்சாள் செய்த முதல் வேலை, ரோட்டோரப் புல்லுக்குள் இறங்கி நின்றதுதான். லுணுகலைக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு வளைவு. எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை. கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பனி இன்னும் காயாத முழங்காலளவு புல்லுக்குள் நின்று, சல்வாரின் காலை மடித்துவிட்டுக்கொண்டே, அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தார் ரோட்டின் நடுவில் நட்டுவைத்த கல்லாக நின்றேன்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். வவுணதீவுப் பக்கம் மிட்வைஃபாக இருந்து, சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றார். நாள் முழுக்க வீடு வீடாக நடந்துவிட்டு, லீவு நாளிலும் நடக்க ஆசைப்படுகிற வேறு யாரையும் நான் கண்டதில்லை. நானோ செங்கலடியில் ஒரு அலுவலக மேசையோடு ஒட்டிக்கொண்டவள். எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் நடக்கச் சொன்ன மறுநாளே மச்சாள் வீட்டுக்கு வந்துவிட்டார். “வாவிக்கரையில நடந்தா வழியில காணுற எல்லாருக்கும் வருத்தத்தச் சொல்லி முடியாது மச்சாள். மலைக்குப் போவம். அங்க நம்மளத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்ல.”

அப்படித்தான், பௌர்ணமி லீவான போயா நாட்களில், எங்கள் பயணங்கள் தொடங்கின. காலையில் செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ் ஏறுவோம். பிபிலை தாண்டி ரோடு மேலே ஏறத் தொடங்கியதும், அவருக்குப் பிடித்த ஏதாவது ஒரு வளைவில் மணியடித்து இறங்கிவிடுவோம். நாலைந்து கட்டை தூரம் நடப்போம். புட்டும் பொரித்த மீனும் சாப்பிடுவோம். பிறகு திரும்பி வரும் பஸ்ஸை மறித்து ஏறுவோம். எங்கள் ஊரில் உயரமென்றால் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். ஒவ்வொரு வளைவிலும் மச்சாள் நின்று, தானே கட்டி முடித்த மலை போல அதைப் பெருமையாகக் காட்டுவார்.

ஆனால் நான் தாரை விட்டு இறங்கமாட்டேன். எதிரே லொறி வந்தாலும் கறுப்பு விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்பேனே தவிர, புல்லில் கால் படாது. சண்டைக் காலத்தில் வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் மிதிவெடி இருந்தது. ரோட்டை விட்டு இறங்கவேண்டி வந்தால், மாடு போன தடத்தில் மட்டும் கால் வைக்கவேண்டும். முன்னால் போகிறவரின் அடி மேல்தான் நம் அடி விழவேண்டும். பலகைகளை எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. என் காலுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. இந்த மலையில் வெடி எதுவும் புதைக்கப்படவில்லை என்று புத்திக்குத் தெரியும். இருந்தும், “இஞ்ச மாடு போன தடம் ஒண்டும் இல்லையே மச்சாள்” என்று நான் சொன்னபோது, கொழுந்துக் கூடையோடு புல்லுக்குள்ளால் ஏறி வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை.

நாலாவது பயணத்தில் அது நடந்தது. அருவியைக் கிட்டப் பார்க்கவென்று கீழே இறங்கிய மச்சாள், வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். முப்பது அடி தூரம்கூட இருக்காது. “ஒருக்கா வந்து கையத் தாங்க மச்சாள்” என்றார். ரோட்டில் வேறு யாருமில்லை. நான் விளிம்பு வரை போனேன். போய் நின்றேன். என் கால் அதற்கு மேல் போகவில்லை. அழுதேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர், “சரி, நீங்க அங்கேயே நில்லுங்க, நான் வாறன்” என்றார். புல்லைப் பிடித்துப் பிடித்து, முழங்காலால் தவழ்ந்து மேலே வந்தார்.

வீட்டில் அண்ணன் கேட்டபோது, “பஸ்ஸால இறங்கக்குள்ள தடக்குப்பட்டுட்டன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பொய்க்காக நான் அவரைக் கும்பிடலாம். இதே கதையை வேறொருத்தி கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும், நானே சொல்லியிருப்பேன்.

கால் தேறியதும் மறுபடி வந்து கேட்டார்: “வாறீங்களா?” வெட்கத்தோடு போனேன். அன்றிலிருந்து அவரும் புல்லில் இறங்குவதை விட்டுவிட்டார். தண்ணீரின் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டுவார். பிறகு பேசாமல் என்னோடு தாரில் நடப்பார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அவர் இறங்கச் சொல்லியிருந்தால் நான் ஆயிரம் சாட்டுச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் நடக்கிறவரோடு என்ன சண்டை பிடிப்பது?

போன வைகாசியில், பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், மச்சாள் மீண்டும் கழுத்தை நீட்டினார். எனக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது காலைப் புல்லில் வைத்தேன். பிறகு வலது காலை. புல் ஈரமாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பத்து அடி போய்த் திரும்பி, ராணி மாதிரி நின்று, “மச்சாள், வாங்க” என்றேன்.

அவர் தாரின் விளிம்பில் நின்றார். வரவில்லை.

“கையத் தாங்க” என்றார். திரும்ப ஏறிப் போய்ப் பிடித்தேன். உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது.

“என்னகா, உங்களுக்குமா?”

“ஒவ்வொரு தரமும்தான். சண்டைக்குள்ள எத்தின பிள்ளப்பேத்துக்கு அந்த மாட்டுத் தடத்தால ஓடியிருப்பன், பயமில்லாம இருக்குமா? முதல் நாள் நானும் ரோட்டிலயே நிண்டிருந்தா, நீங்க மறுகா மலைக்கே வந்திருக்கமாட்டீங்க.”

அப்படியானால் அன்று பிரண்ட காலோடு தவழ்ந்து வந்ததும் இந்தப் பயத்தோடுதான். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். தண்ணீர் வரைக்கும் ஒவ்வோர் அடியையும் அழுத்தி வைத்தேன், அவர் பார்த்து மிதிப்பதற்கு.