மூலக்குளம் மண்டபத்துத் தராசு

1. அரைக் கிலோ

"அம்பத்திரண்டு புள்ளி ஏழு!" என்று மைக்கில் சொன்னார்கள்.

மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் எலக்ட்ரானிக் தராசு. அதன் மேல் கலைவாணி நின்றாள். மறுநாள் அதே மண்டபத்தில் கம்பிக் கூண்டுக்குள் அவளுக்குச் சண்டை. எடை ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சண்டையில் ஜெயித்தாலும் சாம்பியன் பெல்ட் கிடையாது. பதினோரு ஃபைட் ஆடி, முப்பத்தொரு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் பெல்ட் ஃபைட் அது.

தராசிலிருந்து இறங்கி என் பக்கம் வந்தாள்.

"இன்னா மாமா இது? காத்தால வூட்ல அம்பத்திரண்டு புள்ளி ஒன்னுதான இருந்துச்சு?"

"நம்ம மெஷினு தப்பா காட்டியிருக்கும்மா. இது கம்பெனி தராசு."

நான் வாயால் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை இதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். பத்தொன்பது வருஷம் பஞ்சாலையில் எடைப் பிரிவில் வேலை. மில் மூடிய பிறகு குத்துச்சண்டைக் கூடத்தில் கூட்டிப் பெருக்கப் போனேன். அங்கேயே பார்த்துப் பார்த்து, கைக்குக் கட்டு போடவும், கிழிந்த புருவத்தில் ஒரு நிமிஷ பிரேக்குக்குள் ரத்தத்தை நிறுத்தவும் கற்றுக்கொண்டேன். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த இந்தக் கூண்டுச் சண்டை, எம்.எம்.ஏ., வந்த பிறகு எனக்கு 'கட் மேன்' என்று பேர் வந்தது. நான் கட்டிய கையில் இதுவரை ஒரு விரல் முறிந்தது இல்லை. பெங்களூரில் இருந்துகூட என்னைக் கூப்பிடுகிறார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

வெயிட் கட் பார்ப்பதும் என் வேலை. எடை போடும் நாளுக்கு முன் உடம்பில் இருக்கும் தண்ணீரை வேர்வையாக இறக்க வேண்டும். எடை போட்டதும் திரும்பக் குடித்து ஏற்றிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் ஒரு சொட்டு இறக்கினாலும் மறுநாள் கூண்டுக்குள் கால் சொன்ன பேச்சு கேட்காது. கலைவாணிக்கு அந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்து, நூறு கிராம் மிச்சம் வைத்துத்தான் கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து கூட்டிவந்திருந்தேன்.

2. பந்தி ஹால்

எடை தப்பினால் ஒரு மணி நேரம் தருவார்கள். அதற்குள் இறக்கிக் காட்ட வேண்டும்.

கீழே பந்தி ஹாலுக்கு ஓடினோம். அவளுக்கு பிளாஸ்டிக் சூட் மாட்டி, சமையல்கட்டு அடுப்பை ஏற்றி, அதன் பக்கத்தில் ஸ்கிப்பிங் ஆட வைத்தேன். முந்தாநாளிலிருந்து சரியாகத் தண்ணீர் குடிக்காதவள். இருபது நிமிஷத்தில் வேர்வை நின்றுபோனது. உதடு வெடித்துவிட்டது. ஊறவைத்த பருத்தித் துணியால் துடைக்கப் போனேன். "வேணாம் மாமா, நாக்கு அதுமேல போயிடும்" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி ஏறினாள். ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு.

புரமோட்டரின் மேனேஜர் ஒருவன், கோட்டு போட்டவன், வாட்சைப் பார்த்தபடி வந்தான்.

"பெருசு, பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு."

"தம்பி, இதுக்கு மேல வேர்வ வராது. பொண்ணு உழுந்துடும்."

"அதான் தலையில அவ்ளோ வெச்சிருக்காங்களே, அத எறக்குங்க. பெல்ட் வேணுமா, பின்னல் வேணுமா?" சிரித்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். கலைவாணி என் கையைப் பிடித்தாள்.

"வெட்டு மாமா."

"ஏய், இன்னா பேசற நீ?"

"பதினோரு ஃபைட்டு மாமா. மூக்கு ஒடஞ்சிருக்கு, பல்லு போயிருக்கு. மசுரு வளரும். வெட்டு."

இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. என்னிடம் இருந்தது கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோல். அது முடிக்கு மொக்கை. கரகரவென்று அறுத்துத்தான் எடுத்தேன். அவள் அழவில்லை. நான் என்ன செய்தேன் என்பது எதற்கு.

மூன்றாம் முறை ஏறினாள். ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று.

3. மேட்

"சாரி" என்றான் மேனேஜர். அவள் இறங்கினாள். காலை எடுத்தபோது பாதத்தில் மிச்சமிருந்த வேர்வைப் பிசுக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி, மறுபடி 'சப்' என்று விழுந்தது.

ரப்பர் மேட். தராசின் மேல் ஸ்பான்சர் கம்பெனியின் பேர் அச்சடித்த மேட். போட்டோவில் பேர் விழ வேண்டுமாம்.

பத்தொன்பது வருஷம் பஞ்சுப் பொதியை எடை போட்டவன் நான். பொதியை ஏற்றினால் முதலில் சாக்கைக் கழிப்போம், இரும்புப் பட்டையைக் கழிப்போம், அப்புறம்தான் பஞ்சின் எடையை எழுதுவோம். கழிக்காமல் எழுதினால் அன்றைக்கே சீட்டு கிழியும்.

நம்பர் தெரியும் பெட்டியை எடை குறிக்கும் அதிகாரி பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். சுற்றிப் போய்ப் பார்த்தேன். தராசில் ஆள் இல்லை. பெட்டியில் 0.6 என்று எரிகிறது. ஆள் இறங்கியதும் செல்போனைப் பார்க்கப் போய்விடும் அதிகாரி அதை எங்கே பார்ப்பார்?

"யோவ்! ஆளே இல்லாம அறுநூறு கிராம் காட்டுதுய்யா! இந்த மேட்ட எப்ப போட்டீங்க?"

தொண்டை கிழியக் கத்தினேன். மண்டபமே திரும்பியது. மேனேஜர் குனிந்து பார்த்தான். "அது... ஸ்பான்சர் வந்த பெறகு போட்டது" என்றான்.

ஸ்பான்சர் வருவதற்கு முன்பே எதிராளிப் பெண் எடை போட்டு முடித்து, கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேட் விரித்த பிறகு ஏறிய முதல் ஆள் கலைவாணி.

மேட்டை நானே உருவி வீசினேன். பெட்டியில் சைபர் வந்தது. அவளை ஏறச் சொன்னேன். ஐம்பத்தொன்று புள்ளி ஏழு.

"அப்புறம் என்ன பெருசு, பாஸ் ஆயிட்டாங்கல்ல? எதுக்கு சத்தம்?" என்றான் மேனேஜர்.

எதுக்குச் சத்தமா? அவள் காலையில் வந்து நின்றபோதே பாஸ்டா! உங்கள் விளம்பரத்தின் எடையைச் சேர்த்து ஒரு மனுஷியின் தலையில் ஏற்றி, முந்நூறு கிராம் தண்ணீரை உறிஞ்சி, பின்னலையும் வாங்கிக்கொண்டு, பாஸ் என்கிறீர்கள்! இதைச் சொன்னேன். இதைவிட மோசமாகவும் சொன்னேன். சண்டையை இரண்டு நாள் தள்ளி வையுங்கள், உடம்பு தேறட்டும் என்றேன். டிக்கெட் விற்றாகிவிட்டது என்றார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். அதுவும் இல்லை.

மறுநாள் சண்டையில் முதல் இரண்டு ரவுண்டும் அவள் கை மேலாகத்தான் இருந்தது. மூன்றாவது ரவுண்டு நடுவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே மணி அடிக்கும் வரை நின்றாள். ஐந்து ரவுண்டு. மூன்று ஜட்ஜில் இரண்டு பேர் எதிராளிக்குக் கொடுத்தார்கள். "ஸ்டாமினா பத்தல" என்று மைக்கில் ஒருத்தன் விளக்கம் சொன்னான். அவன் வாயில் என் கட்டுத் துணியைத் திணித்திருக்க வேண்டும்.

4. நான் செய்த தப்பு

அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். வீட்டு மெஷினை அதற்கு முந்தின வாரம்தான் எடைக்கல் வைத்துச் சோதித்திருந்தேன். அது சரியாகத்தான் காட்டியது. ஆனால் மேடை, மைக், கோட்டு எல்லாவற்றையும் பார்த்ததும், 'கம்பெனி தராசு' என்று என் கையை நானே சந்தேகப்பட்டேன். மில்லில் முதலாளியே வந்து நின்றாலும் சாக்கைக் கழிக்காமல் எழுதாதவன், அங்கே வாயை மூடிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஆளைத் தராசில் ஏற்றும் முன் தராசைச் சோதியுங்கள். வெட்கப்படாதீர்கள்.

மில் மூடியபோது நான் எடுத்துவந்த இருபது கிலோ எடைக்கல் ஒன்று வீட்டில் கிடந்தது. எடையளவு ஆபீஸில் சர்க்கார் முத்திரை போட்டு வாங்கி, இப்போது எல்லா ஃபைட்டுக்கும் தூக்கிப் போகிறேன். அறுபத்திரண்டு வயதில் ஒற்றைக் கையில் தூக்குகிறேன், வந்து பாருங்கள். போன தடவை ஒருத்தன் கேட்டான்: "இன்னா பெருசு, பழைய பேப்பர் எடுக்க வந்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், தோள் வரை வளர்ந்த முடியை முடிந்துகொண்டே கலைவாணி சொன்னாள்:

"மொதல்ல கல்லு ஏறும். அது பாஸாச்சுன்னாதான் நான் ஏறுவேன். வை மாமா."