யாருடைய தாடை

பாலவனத்தம் கிராமத்து விவசாயி ஒருவர் கன்னத்தைக் கையால் தாங்கியபடி என் கிளினிக்குக்குள் நுழைந்தார். வறுத்த புளியங்கொட்டையைக் கடித்ததில் மேல்தாடையின் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லில் வேர்வரை விரிசல். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கூடவே அவர் மனைவி.

"கடிக்காதீகன்னு சொன்னேன் டாக்டரம்மா. கேட்டாகளா?" என்றார் மனைவி. கணவர் போதும் என்பதுபோல் கையை மட்டும் அசைத்தார். வாயைத் திறந்தால் வலிக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுக்கத்தான் வேண்டும் என்றேன். அவர் அதற்குத் தயாராகவே வந்திருந்தார்.

"புடுங்குன குழியிலயே அன்னைக்கே புதுப்பல்லு ஊண்டிறலாமாமில்ல. போன்ல பாத்தேன்."

"ஊண்டலாம்யா. எலும்பு எடம் குடுக்கணும்," என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். மூன்றும் விரிந்து நிற்கும். நடுவில் ஒரு எலும்பு மேடு. பல்லை எடுத்த கையோடு செயற்கை வேரை அந்த மேட்டில்தான் திருகி இறக்க வேண்டும். மேடு அகலமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை. அதன் தரை வரைக்கும் போதிய உயரமும் வேண்டும். இதையெல்லாம் அளக்க மதுரைக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னேன். அவர் மனைவிக்கு இடதுபக்கம் நானே வேர்சிகிச்சை செய்த பல் ஒன்று அவ்வப்போது வலித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு சிடிக்களோடு வந்தார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஒன்றைத் திறந்து வலதுபக்கத்தை அளந்தேன். எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. மேடு தாராளமான அகலம். சைனஸ் எங்கேயோ உயரத்தில் இருந்தது. விரிசல் மட்டும் தெரியவில்லை. மெல்லிய விரிசல் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு.

"இந்த மாதிரி எலும்பு அமையிறது கஷ்டம்யா. அன்னைக்கே வச்சிறலாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்பும் சோளமும் தின்னு வளந்த ஒடம்பு டாக்டரம்மா. இவள மாதிரி டீயில பிஸ்கட்ட முக்கித் தின்ன ஆளா நானு?"

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா முன்னால வெள்ளையா மின்னுதே, அது என்னது?"

என் கவனம் முழுக்கக் கடைவாயில் இருந்தது. "ஏதாச்சும் உலோகம் இருந்தா அப்படித் தெரியும்மா," என்றேன் சாதாரணமாக.

"சரி. இவுக எப்ப மூக்குத்தி குத்துனாக?"

ஸ்கேன் எடுக்கும்போது அந்த அம்மாவின் மூக்குத்தித் திருகு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லையாம். படத்தை இடதுபக்கம் நகர்த்தினேன். நான் வேர்சிகிச்சை செய்து அடைத்த பல் அங்கே இருந்தது. பெயரைப் பார்க்காமல் மனைவியின் தாடையைத் திறந்து வைத்துக்கொண்டு கணவருக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இரண்டாவது சிடியைப் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுத் திறந்தேன். வேர்களுக்கு நடுவே இருந்த மேடு காகிதம் போல இருந்தது. சைனஸின் தரை வேர்களுக்கு இடையில் தொங்கிக்கொண்டு வந்திருந்தது. திருகினால் பிடித்து நிற்க இடமில்லை.

"இந்தக் கறுப்பா இருக்கது என்ன?" என்றார் அவர்.

"காத்துய்யா."

திரையை நோக்கிக் குனிந்தார். "தோட்டத்துல போர் போட்டப்பயும் இதேதான் வந்துச்சு."

அன்றே பல்லை மட்டும் மூன்று துண்டாக்கி, வேர் வேராக, எலும்பை நோகடிக்காமல் எடுத்தேன். நான்கு மாதம் ஆறட்டும், பிறகு சைனஸின் தரையை லேசாகத் தூக்கி எலும்புத்தூள் வைத்துச் செய்யலாம் என்றேன். மரத்துப்போன வாயால் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இவளுக்கு ஒண்ணும் புடுங்க வேண்டாமா?"

வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவின் பல்லில் முதல் தடவை நான் கண்டுபிடிக்காமல் விட்ட, ஒரு வேருக்குள் ஒளிந்திருந்த நாலாவது நரம்புக் கால்வாய் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "பரவால்ல தாயி, இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே," என்றார். இரண்டு முறை வந்து போனதில் வலி நின்றது.

கணவருக்கு எல்லாம் முடிய ஒரு வருஷம் ஆனது. இடையில் ஏதாவது வேலையாக டவுனுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "எலும்பு ஏறுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் பல்லைப் பொருத்திய அன்று தனியாகத்தான் வந்தார். மக்காச்சோளம் அறுக்க வருவதாகச் சொன்ன மெஷின் இன்னும் வரவில்லையாம், மனைவி காட்டில் காத்திருக்கிறாராம். கடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை கடித்து, தலையை ஆட்டினார். படியிறங்கும்போதே மெஷின்காரரைப் போனில் திட்டத் தொடங்கிவிட்டார். வலதுபக்கக் கன்னத்தைத் தாங்கிக்கொள்ளவில்லை. முதல் நாள் கன்னத்தைத் தாங்கி வந்த அந்தக் கை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தது.