நாமக்கல் கோட்டை மலையில் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

மாசி மாதத்து முதல் ஞாயிறு அன்று நாமக்கல் கோட்டை மலைக்குப் போய் வந்தேன். ஊர் நடுவே நிற்கும் அந்த ஒற்றைப் பாறையைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை. இந்த முறை ஏறியதற்குக் காரணம் சுற்றுலா இல்லை. பெண் பார்க்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் முதல் பார்வையைப் பெரும்பாலும் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டது போல நடிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சநேயர் கோயில் கூட்டத்தில் பெயர் கேட்டால்கூடக் காதில் விழாது. அதனால் மலை மேல் பேசலாம் என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு இது மூன்றாவது இடம். ஜலகண்டாபுரத்தில் தறிகளின் கன்ட்ரோல் போர்டு பழுது பார்ப்பது என் தொழில். முதல் பெண்ணின் அப்பா தன் வீட்டைச் சுற்றிக் காட்டி "ஊடு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். எர்த் ஒயர் கொடுக்கவில்லை, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். இரண்டாவது இடத்தில், பெண் பிரமாதமாகச் சமைக்கும் என்றார்கள். நாம் ஓட்டலா நடத்தப் போகிறோம் என்றேன். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. இதுவும் போனால் இனிமேல் தரகர் நம் வாசல் ஏற மாட்டார் என்று அம்மா சொல்லிவிட்டார்.

வாடகைக் கார், ஓட்டுநர் படியோடு 2,800 ரூபாய். காலை 5.10க்குக் கிளம்பினோம். எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக மீட்டரில் 82 கிலோமீட்டர். 7.05க்கு மலையடிவாரம். வண்டியில் நான், அம்மா, ஓட்டுநர் சண்முகம் அண்ணன். வழி முழுக்க அம்மாவின் உத்தரவுகள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தண்ணி வேணும்னாக் குடி. வேற எதுலயும் கை நனைச்சுராத."

தெரியாதவர்களுக்கு: பெண் வீட்டார் கொடுத்ததைச் சாப்பிடுவதுதான் கை நனைப்பது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் முடிவு சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டார் ஒரு பருக்கை தொட மாட்டார்கள்.

என் திட்டம் எளிது. 7.30க்கு ஏறி, வெயில் வருமுன் 8.30க்கு இறங்கிவிடுவது. பெண்ணும் அவளுடைய தாய்மாமாவும் எருமப்பட்டியிலிருந்து பேருந்தில் 7.25க்கே வந்துவிட்டார்கள். பெண் பெயர் தாரணி. நாமக்கல்லில் கோழித் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை. எல்லோரும் படிக்கட்டுக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்களாம். எந்நேரமும் ஏறலாம் என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பிவிட்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

ஒன்றரை மணி நேரம். நரசிம்மர் கோயில், ஆஞ்சநேயர் கோயில் இரண்டும் பார்த்து முடித்தும் நாற்பது நிமிடம் மிச்சம். பசி. தனியாகப் போய்ச் சாப்பிட்டால் மரியாதை இல்லை, கூப்பிட்டுப் போனால் ஒரே மேசையில் கை நனைத்ததாகிவிடும். சண்முகம் அண்ணன் மட்டும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பல் குத்தியபடி வந்தார்.

"நீங்க மட்டும் சாப்புட்டுட்டீங்களாண்ணா?"

"நானென்ன மாப்பிள்ளைங்களா?" என்றார்.

ஒன்பதுக்குக் கேட் திறந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கமலாலயக் குளத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான், தாரணி, மாமா மூவரும் ஏறினோம். பாறையிலேயே வெட்டிய படிகள். சில இடத்தில் ஒரு ஆள் அகலம்தான், அங்கே இறங்குகிறவருக்கு நின்று வழி விட வேண்டும். இதைப் படிக்கும் உங்களுக்காகப் படிகளை எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். நூற்றுச் சொச்சத்தில் தாரணி திரும்பிப் பார்த்துப் பேசியதில் கணக்கு விட்டுப்போனது.

"எங்க ஊட்டு ஒயரிங் பாக்க வரலீங்களா?"

தரகர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தக் கதையக் கேட்டுட்டு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டுப் பாத்தேனுங்க. எங்க ஊட்டுலயும் எர்த் இல்ல. அதுக்கப்பறந்தான் வாரேன்னு சொன்னேன்."

மாமா நான்கு முறை உட்கார்ந்ததையும் சேர்த்து உச்சிக்குப் போக 17 நிமிடம் ஆனது. தனியாக என்றால் பத்து போதும். மேலே செங்கல்லும் கல்லுமாகக் கோட்டைச் சுவர். சுவரின் இடைவெளிகளில் நின்றால் காற்று சட்டையைக் கழற்றிவிடும் போல அடிக்கிறது. கீழே குளம் ஒரு தட்டு அளவு. சுற்றிலும் வீடுகள், அதைத் தாண்டி லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், வரிசை வரிசையாக நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். கிழக்கே கொல்லிமலை. அந்தப் பக்கம் கையைக் காட்டி அங்கேதான் எங்கள் ஊர் என்றாள் தாரணி. எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன சில பொய்களில் ஒன்று.

மாமா இருபதடி தள்ளி நிழலில் உட்கார்ந்தார், முகத்தை எங்கள் பக்கம் வைத்தபடி. தாரணி சுற்றி வளைக்கவில்லை.

"கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போவேன். ஜலகண்டாபுரத்துல இருந்து நான் போயிட்டு வர முடியுமுங்களா?"

"முடியாது. போக வர நாலு மணி நேரம் ரோட்டுலயே போயிரும்."

முகம் சுருங்கிவிட்டது. அம்மா எத்தனை தடவை சொல்லியிருந்தார். ஆனால் முடியாததை முடியும் என்று எப்படிச் சொல்வது? மீதியைச் சொல்லி முடிக்க விட்டாளே, அதுவரை நல்லது.

"அதனால நாந்தான் மாறோணும். திருச்செங்கோட்டுலயும் தறி இருக்குது, எனக்கு அங்கயும் வேலை கிடைக்கும். அங்க ஊடு புடிச்சா உங்களுக்கு முக்கால் மணி நேரம்."

"உங்கம்மா கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் தோணுச்சு."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து எங்கள் இருவருக்கும் நடுவே சுவர் மேல் வைத்தாள். புளிச்சோறு. மேலே வறுத்த நிலக்கடலை.

"காலைல இருந்து நீங்க ஒண்ணும் சாப்புடலன்னு தெரியுமுங்க. ஆனா மாமா பாத்துட்டிருக்காரு. யோசிச்சுக்குங்க."

"எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல. உங்களுக்கு?"

"வேண்டாம்னா டப்பாவத் தொறந்திருக்க மாட்டேன்."

சாப்பிட்டேன். அவளும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை எடுத்தாள். இருபதடி தூரத்தில் மாமா எழுந்து நின்று யாருக்கோ போன் போட்டுச் சத்தமாகச் சொன்னது கோட்டை முழுக்கக் கேட்டது: "கை நனைச்சாச்சு. ஆமாங்க, மலை மேலயே."

இறங்க எட்டு நிமிடம். குளத்தருகே அம்மா என் முகத்தையும் மாமாவின் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

"எவ்வளவு?"

"டப்பா காலி."

அம்மா என்னைத் திட்ட வாய் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தாரணியின் பக்கம் திரும்பினார். சாமி கும்பிடாமல் சாப்பிடக் கூடாது, பெண் வீட்டாரிடமும் சாப்பிடக் கூடாது என்று காலையிலிருந்து அவரும் வெறும் வயிறுதான்.

"எனக்கு ஒரு வாய் மிச்சம் வெக்கோணும்னு தோணலியா சாமி?" என்றார்.

எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். ஐந்து பேருக்கு 460 ரூபாய். மாமா என்னைப் பணம் கொடுக்க விடவில்லை. திரும்பும் வழியில் திருச்செங்கோடு விஷயத்தைச் சொன்னேன். சங்ககிரி தாண்டியதும் அம்மா, "அங்க வாடகை எவ்வளவு வரும்?" என்று கேட்டார். சண்முகம் அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு வீடு இருப்பதாக உடனே ஆரம்பித்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு. திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், நாங்கள் போன அன்று ஒன்பது. மாசியிலேயே பத்தரைக்குப் பாறை சுட ஆரம்பிக்கிறது, செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். மேலே கடை இல்லை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கோயில்கள், மலை, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் தாராளம். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள், குளத்து நிழல் நன்றாகவே இருக்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியதை மேலேயே கேட்டுவிடுங்கள். கீழே வந்தால் பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மேலே நின்றால் நாமக்கல் முழுதும் தெரியும் என்பார்கள். உண்மைதான். பாதியை நான் சரியாகப் பார்க்கவில்லை.